புது இன்டிசைனில் பக்கம் நகரத் தயங்கினால்

கோபிசெட்டிபாளையத்தில் டிடிபி வேலை பார்க்கும் தம்பி ஒருவர், அடோபியின் பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைன் பற்றிக் கேட்டிருக்கிறார்: "அண்ணா, இத்தனை வருசமா இன்டிசைன் சிஎஸ்6-ல வேலை பார்த்தோம், ஒரு குறையும் இல்லைங்க. போன மாசம் புதுக் கம்ப்யூட்டர், 4கே மானிட்டர், புது இன்டிசைன் எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டோம். இப்பக் கையில 184 பக்கக் கும்பாபிஷேக மலர். ஒரு பக்கம் விட்டு அடுத்த பக்கம் போனா படம் கொஞ்சம் கொஞ்சமாத்தான் வருது. டைப் பண்ணினா எழுத்து ரெண்டு நொடி கழிச்சு வந்து நிக்குது. 16 ஜிபி ரேம் இருக்கு. கடைக்காரர் 32 ஆக்கச் சொல்றாரு. ஆக்கலாமுங்களா?"

இப்போதைக்கு வேண்டாம் தம்பி. இன்டிசைனுக்கு அடோபி பரிந்துரைப்பதே 16 ஜிபிதான். நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால் ரேம் கடைசியாகச் சந்தேகப்பட வேண்டிய ஆள். பணத்தைச் செலவு செய்வதற்கு முன்னால் பத்து நிமிடம் கொடுங்கள். உங்களை இழுத்துப் பிடிப்பது படமா, எழுத்தா, கம்ப்யூட்டரா என்று பிரித்துப் பார்க்கலாம். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. பலர் இதைப் பிரிக்காமல் கண்ணில் பட்ட செட்டிங்கையெல்லாம் மாற்றிவிட்டு, எது வேலை செய்தது என்றே தெரியாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

முதலில் மலரை மூடிவிட்டு, வெறும் ஏ4 அளவில் புதுக் கோப்பு ஒன்றைத் திறங்கள். ஒரு பெட்டி போட்டு நாலு வரி தட்டுங்கள், பெரிதாக்கிச் சிறிதாக்கிப் பாருங்கள். அதுவே இழுத்தால் குறை கம்ப்யூட்டரிலோ மென்பொருளின் அமைப்பிலோ இருக்கிறது. அது சிட்டாகப் பறந்தால் குறை மலருக்குள் இருக்கிறது. அடுத்து மலரைத் திறந்து, வியூ மெனுவில் டிஸ்பிளே பெர்ஃபார்மன்ஸ் போய் ஃபாஸ்ட் டிஸ்பிளே வையுங்கள். விண்டோஸில் கண்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றோடு இசட் அழுத்தினாலும் அதுதான். படங்கள் எல்லாம் சாம்பல் பெட்டிகளாகிவிடும். இப்போது பக்கம் சுலபமாக ஓடினால் படம்தான் பாரம். அப்போதும் டைப் செய்யும் எழுத்து பின்தங்கினால் எழுத்துப் பக்கம் தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்களிடம் இரண்டும் இருக்கும் என்று நினைக்கிறேன்.

பழையதில் இல்லாத தாமதம் புதியதில் எங்கிருந்து வந்தது? சிஎஸ்6 வந்தது 2012-ல். அது வழக்கமாக டிபிக்கல் டிஸ்பிளேயில்தான் இருக்கும். அதாவது படத்தின் மங்கலான ஒரு சின்ன நகலை வைத்துக்கொண்டு அதையே திரையில் காட்டும். புதிய இன்டிசைனில் ஜிபியு, அதாவது கிராஃபிக்ஸ் கார்டின் உதவி, இயக்கத்தில் இருந்தால் அது தானாகவே ஹை குவாலிட்டிக்குப் போய்விடுகிறது. ஹை குவாலிட்டி என்றால் ஒவ்வொரு முறையும் மூலப் படத்தையே தேடி எடுத்து வரைய வேண்டும். போதாததற்கு நீங்கள் மானிட்டரையும் மாற்றியிருக்கிறீர்கள். பழைய ஃபுல் எச்டி திரையில் 1920 பெருக்கல் 1080, சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 4கே திரையில் 3840 பெருக்கல் 2160, சுமார் 83 லட்சம். சரியாக நாலு மடங்கு. அதே பக்கத்தை நாலு மடங்கு புள்ளிகளில், முன்பைவிட உயர்ந்த தரத்தில் வரையச் சொல்கிறோம்.

அதனால் முதல் வேலை, டிபிக்கல் டிஸ்பிளேக்குத் திரும்புங்கள். கண்ட்ரோல், ஆல்ட், இசட். அப்படியும் சில படங்கள் மட்டும் இழுத்தால், அந்தப் படங்களுக்கென்று யாராவது தனியாகத் தரம் வைத்திருப்பார்கள். அதே மெனுவில் கிளியர் ஆப்ஜெக்ட் லெவல் டிஸ்பிளே செட்டிங்ஸ் கொடுத்தால் அதெல்லாம் அழிந்துவிடும். இங்கே ஒரு பயத்தைப் போக்கிவிடுகிறேன். டிபிக்கலில் படம் மங்கலாகத் தெரிவதைப் பார்த்து, அச்சிலும் அப்படியே வந்துவிடுமோ என்று பலர் ஹை குவாலிட்டியிலேயே வைத்திருப்பார்கள். இந்த அமைப்பு திரைக்கு மட்டும்தான். பிடிஎஃப்புக்கோ அச்சுத் தகடான பிளேட்டுக்கோ இதனால் ஒரு மாற்றமும் வராது.

இனி மலருக்குள் போகலாம். நம் பக்கத்துக் கும்பாபிஷேக மலர் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். முன்னால் கோபுரப் படம், வாழ்த்துரைகள், தல வரலாறு, அப்புறம் பக்கம் பக்கமாக நன்கொடையாளர் படங்கள். அந்த நன்கொடையாளர் பக்கத்தில்தான் திரை மூச்சு வாங்கும். இப்போது யாரும் ஸ்டுடியோ போட்டோ கொடுப்பதில்லை, வாட்ஸப்பிலேயே டாக்குமென்டாக அனுப்பிவிடுகிறார்கள். நிமிர்த்திப் பிடித்து எடுத்த ஒரு செல்போன் படம் 3000-க்கு 4000 என்று வைத்துக்கொள்ளுங்கள், 1.2 கோடி புள்ளிகள். அதை நாம் வைப்பது 3 சென்டிமீட்டர் அகலம், 4 சென்டிமீட்டர் உயரம் உள்ள பெட்டியில். அந்தப் பெட்டிக்கு 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் தேவைப்படுவது 354-க்கு 472, அதாவது சுமார் 1.67 லட்சம் புள்ளிகள். தேவைக்கு மேல் 70 மடங்குக்கும் அதிகமாகச் சுமக்கிறோம். ஒரு பக்கத்தில் 40 பேர் என்றால் 48 கோடி புள்ளிகள். தேவையான அளவுக்குக் குறைத்தால் 40 பேரும் சேர்ந்தே 67 லட்சம்தான். ஒரே ஒரு செல்போன் படத்தில் பாதிக்குச் சற்று மேல்.

இதை உங்கள் கோப்பிலேயே பார்க்கலாம். லிங்க்ஸ் பேனலில் ஒரு படத்தைத் தொட்டால் கீழே எஃபெக்டிவ் பிபிஐ என்று ஒரு எண் வரும், வைத்த அளவில் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்பதுதான் அது. மேலே சொன்ன படத்துக்கு அது 2540 காட்டும். 300 இருந்தால் போதும் என்ற இடத்தில் 2540. மாற்றுவதும் சிரமம் இல்லை. எல்லாப் படத்தையும் வேறு ஃபோல்டரில் நகல் எடுத்துக்கொண்டு, போட்டோஷாப்பில் ஃபைல், ஸ்கிரிப்ட்ஸ், இமேஜ் பிராசஸர் போய் மொத்தமாக அளவு குறைத்து இன்னொரு ஃபோல்டரில் சேமியுங்கள். கோப்பின் பெயர் மாறக் கூடாது. பிறகு இன்டிசைனில் லிங்க்ஸ் பேனல் மெனுவில் ரீலிங்க் டு ஃபோல்டர் கொடுத்து அந்தப் புது ஃபோல்டரைக் காட்டுங்கள். பிரிஃபரன்ஸில் ஃபைல் ஹேண்ட்லிங் பகுதியில், ரீலிங்க் செய்யும்போது படத்தின் அளவைக் காப்பாற்றும் டிக் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள். அது இருந்தால் நீங்கள் வெட்டி வைத்த முகம் இடம் மாறாமல் அப்படியே நிற்கும். நான் சரியாக 354-க்கு நறுக்க மாட்டேன், 600 வரை விடுவேன். கமிட்டியில் இருந்து கடைசி நேரத்தில் கூப்பிட்டு, இவர் படத்தைக் கொஞ்சம் பெரிசாப் போடுங்க என்று சொல்வது நிச்சயம். மூலப் படங்களை அழித்துவிடாதீர்கள்.

அடுத்தது பார்டர். இதை நான் அனுபவத்தில் கற்றுக்கொண்டேன். ஈரோட்டில் நான் வேலை பார்த்த ஓர் அச்சகத்தில் ஒரு கோயில் மலர் இப்படித்தான் இழுத்தது. இரண்டு நாள் கம்ப்யூட்டரையே குறை சொல்லிக்கொண்டிருந்தோம். ரேம் கூட்டினோம், ஒரு மாற்றமும் இல்லை. மூன்றாம் நாள் ஒரு பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு பொருளாக அழித்துப் பார்த்தேன். கோபுரப் படத்தை எடுத்தேன், அப்படியே இழுத்தது. எழுத்தை எடுத்தேன், இழுத்தது. சுற்றியிருந்த மாவிலைத் தோரண பார்டரை எடுத்ததும் பக்கம் பட்டென்று நகர்ந்தது. அந்த இபிஎஸ் கோப்பைக் கோரல் டிராவில் திறந்து, வெறும் கோடுகளை மட்டும் காட்டும் வயர்ஃப்ரேமில் போட்டேன். இலை தெரியவில்லை, பட்டை பட்டையாகக் கறுப்புதான் தெரிந்தது. பெரிதாக்கிக்கொண்டே போனால் ஒரு இலையின் விளிம்பு முழுக்க முனை முனையாக நோடுகள், அதாவது கோட்டை வளைக்கும் புள்ளிகள், எறும்பு வரிசை போல. யாரோ பழைய அழைப்பிதழை ஸ்கேன் செய்து, தானாக டிரேஸ் எடுத்து, அப்படியே பார்டர் ஆக்கியிருக்கிறார்கள். காகிதத்தின் சொரசொரப்பெல்லாம் கோடாக மாறியிருந்தது. அது ஒவ்வொரு பக்கத்திலும் இருந்தது.

அந்த பார்டர் உங்கள் மலரிலும் இருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கேட்லாக் சிடியிலிருந்தும் கைமாறிக் கைமாறியும் வந்த தோரணம், கலசம், விநாயகர், யாளி வளைவு இதெல்லாம் பெரும்பாலும் இந்த வகைதான். டிபிக்கல் டிஸ்பிளேயில் இதன் பாரம் குறைவாகத் தெரியும். ஹை குவாலிட்டி வந்ததும் ஒவ்வொரு நோடையும் கணக்குப் போட்டு வரைய வேண்டியிருப்பதால் திரை நின்றுவிடும். ஒரே நிற பார்டராக இருந்தால் நான் செய்வது, அதை 1200 டிபிஐயில் ஒரு பிட் கறுப்பு வெள்ளை டிஃப் படமாக மாற்றிவிடுவது. அந்த வகை டிஃப்பை இன்டிசைனுக்குள்ளேயே தேர்ந்தெடுத்து எந்த நிறமும் கொடுக்கலாம், சிவப்போ மஞ்சளோ. விளிம்பும் கூர்மையாக நிற்கும். பல நிறம் இருந்தால் 300 டிபிஐயில் சிஎம்ஒய்கே, அதாவது நாலு மை டிஃப் போதும். வெக்டராகவே, அதாவது கோட்டுப் படமாகவே வேண்டும் என்றால் கோரலில் ரெட்யூஸ் நோட்ஸ், இல்லஸ்ட்ரேட்டரில் சிம்ப்ளிஃபை. எப்படி மாற்றினாலும் பார்டரை, எல்லாப் பக்கத்துக்கும் பொதுவான மாஸ்டர் பக்கத்தில் ஒரே ஒரு முறை வைத்து, அதற்குத் தனி லேயர் கொடுங்கள். எழுத்து வேலை நடக்கும்போது அந்த லேயரின் கண்ணை மூடிவிடலாம். புதிய பதிப்பில் மாஸ்டர் என்ற பெயரைப் பேரன்ட் என்று மாற்றியிருக்கிறார்கள், தேடிக் குழம்ப வேண்டாம்.

படங்களுக்கெல்லாம் நிழல் கொடுத்திருந்தால் அதுவும் பாரம்தான். 40 படத்துக்கும் தனித்தனி டிராப் ஷேடோ எதற்கு? ஒரு மெல்லிய கோடு போட்டால் அச்சிலும் சுத்தமாக இருக்கும். நிழல் இருந்தே ஆகவேண்டும் என்று கமிட்டி சொன்னால், பிரிஃபரன்ஸில் டிஸ்பிளே பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் டிரான்ஸ்பரன்சிக்கென்று தனியாக ஒரு ஸ்லைடர் இருக்கிறது, அதை இடது பக்கம் தள்ளுங்கள். அதே இடத்தில் கிரீக் டைப் பிலோ என்று ஒரு கட்டத்தில் 7 இருக்கும். அந்த அளவுக்குக் கீழே திரையில் சிறுத்துவிடும் எழுத்தை வெறும் சாம்பல் கோடாகக் காட்டும். அதை 10, 12 ஆக்கினால் இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பார்க்கும்போது வேகம் கூடும். கைக் கருவியால் பக்கத்தைத் தள்ளும்போது தரம் வேண்டுமா, வேகம் வேண்டுமா என்பதற்கும் அங்கேயே ஒரு ஸ்லைடர் உண்டு.

கம்ப்யூட்டர் மாற்றியவர்கள் எல்லோரும் பார்க்க வேண்டிய இன்னொன்று, படங்கள் எங்கே இருக்கின்றன என்பது. பழைய கம்ப்யூட்டரில் டி டிரைவில் இருந்தது புதியதில் இ டிரைவாகியிருக்கும். அல்லது படங்கள் இன்னும் பழைய கம்ப்யூட்டரிலேயே இருந்து, லேன் வழியாக வந்துகொண்டிருக்கும். லிங்க்ஸ் பேனலில் சிவப்புக் கேள்விக்குறிகள் வரிசையாக நின்றால் படங்கள் பழைய முகவரியில் இல்லை என்று அர்த்தம். பென்டிரைவிலிருந்து நேராகத் திறந்து வேலை செய்வதும் இதே கதைதான். பழைய கம்ப்யூட்டரில் சிஎஸ்6 இன்னும் இருந்தால், அதிலேயே மலரைத் திறந்து ஃபைல் மெனுவில் பேக்கேஜ் போடுங்கள். கோப்பு, படங்கள், எழுத்துருக்கள் எல்லாம் ஒரே ஃபோல்டரில் வந்துவிடும். அதை அப்படியே புதுக் கம்ப்யூட்டரின் எஸ்எஸ்டிக்கு நகர்த்தித் திறங்கள். அந்த ஃபோல்டருக்குள் டாக்குமென்ட் ஃபான்ட்ஸ் என்று ஒன்று இருக்கும். அதில் உள்ள எழுத்துருக்களைத் தனியாக நிறுவ வேண்டியதில்லை, அந்த மலர் திறந்திருக்கும்வரை இன்டிசைன் தானே எடுத்துக்கொள்ளும். இதனால் இன்னொரு நன்மையும் உண்டு. புதுக் கம்ப்யூட்டர் வந்த அன்றே சிடியில் இருந்த ஆயிரக்கணக்கான தமிழ் எழுத்துருக்களை மொத்தமாகக் கொட்டுகிற பழக்கம் நம் தொழிலில் உண்டு. எழுத்துரு மெனு திறக்கவே திணறும். அதைச் செய்திருந்தால் தேவையில்லாதவற்றை நீக்கிவிடுங்கள்.

சரி, எழுத்து தாமதமாக வருகிற விஷயத்துக்கு வருகிறேன். பழைய கட்டுரைகள் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் இருக்கும், புதிதாக வருபவை இன்றைய பொதுக் குறியீடான யூனிகோடில் இருக்கும். இரண்டும் உள்ளே வேறு வேறு விதம். பாமினியில் "கொங்கு" என்று தட்டும்போது கொம்பு, க, கால், ங, புள்ளி, கு என்று கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே துண்டுகளை அடுக்குகிறோம். மென்பொருளுக்கு அது வெறும் ஆங்கில எழுத்து வரிசை. யூனிகோடில் ககரத்துக்குப் பிறகு ஒகரக் குறி என்று ஒலி வரிசையில் சேமிக்கப்படுகிறது. அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை முன்னால் கொண்டுபோய் வைத்து, காலைப் பின்னால் வைத்து, ககரத்தையும் உகரக் குறியையும் சேர்த்து "கு" ஆக்கும் வேலை, இன்டிசைனில் எழுத்தை வரியாக அடுக்கும் கம்போசருடையது. இதைச் செய்யத் தெரிந்தது வேர்ல்டு ரெடி கம்போசர்தான். சாதாரண அடோபி கம்போசரில் போட்டால் கொம்பு இடம் மாறி நிற்கும்.

இந்த வேலை ஒரு வரிக்குச் சின்னதுதான். பாரமாவது எப்போது என்றால், வேர்ல்டு ரெடி பேரகிராஃப் கம்போசர் ஒரு எழுத்து மாறினாலும் அந்தப் பத்தி முழுவதையும் மறுபடி கணக்குப் போட்டு எல்லா வரிகளின் முறிவையும் சீராக்கப் பார்க்கும். தல வரலாறு எழுதிக் கொடுக்கும் பெரியவர்கள் இரண்டு பக்கத்துக்கு ஒரே பத்தியாக எழுதியிருப்பார்கள். அதில் நடுவே ஒரு புள்ளி வைத்தால் இரண்டு பக்கமும் அசையும். அதோடு 184 பக்கமும் ஒரே தொடர் பெட்டியாக இணைந்திருந்தால் அசைவு அங்கேயே நிற்காது, பின்னால் உள்ள பக்கங்களுக்கும் ஓடும். கட்டுரைக்குக் கட்டுரை இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். மலருக்கு இது எப்படியும் நல்லது. ஒரு வாழ்த்துரை நீண்டால் மற்றதெல்லாம் தள்ளிப்போகாது.

திருத்தம் அதிகம் இருக்கும் நாட்களில் பத்தி மெனுவில் வேர்ல்டு ரெடி சிங்கிள் லைன் கம்போசருக்கு மாறலாம். அது வரிக்கு வரி மட்டும் கணக்குப் போடும். ஆனால் திரும்ப மாற்றும்போது வரி முறிவுகள் மாறும். அதனால் புரூஃப் கொடுப்பதற்கு முன்பே திரும்ப மாற்றிவிட வேண்டும். புரூஃப் பார்த்த பிறகு மாற்றினால் பார்த்த புரூஃப் வீண். இதற்குக்கூட நான் அதிகம் போக மாட்டேன். எனக்குப் பிடித்த வழி கண்ட்ரோல் ஒய், ஸ்டோரி எடிட்டர். வெறும் எழுத்து மட்டும் தனி ஜன்னலில் திறக்கும். படம் இல்லை, பார்டர் இல்லை. அங்கே திருத்திவிட்டு மூடினால் பக்கம் தன்னை ஒழுங்குபடுத்திக்கொள்ளும்.

எழுத்தின் அடியில் எங்கு பார்த்தாலும் சிவப்பு நெளிகோடு வருகிறதா? எடிட் மெனுவில் ஸ்பெல்லிங் போய் டைனமிக் ஸ்பெல்லிங்கை அணைத்துவிடுங்கள். மொழி ஆங்கிலம் என்று இருக்கும்போது தமிழ்ச் சொல் ஒவ்வொன்றையும் பிழை என்று எண்ணி அது சோதித்துக்கொண்டே இருக்கும். யூனிகோடு பத்திகளுக்கு மொழியைத் தமிழ் என்றும், பாமினிக்கு நோ லாங்குவேஜ் என்றும் பத்தி ஸ்டைலிலேயே வைத்துவிடுவது முறை. பாமினிக்கு ஆங்கிலம் என்று விட்டால் ஹைபன் வேறு எங்கெங்கோ வந்து உட்காரும்.

கீழே பச்சையாகவோ சிவப்பாகவோ ஒரு புள்ளி தெரியும், அது அச்சுக்கு முன் பிழை தேடும் பிரிஃப்ளைட். பின்னணியில் எல்லாப் பக்கத்தையும் ஓயாமல் சோதிக்கும். வேலை முடியும்வரை அணைத்து வைக்கலாம். பேஜஸ் பேனலின் ஆப்ஷன்ஸில் பக்கத்தின் சின்னப் படங்களை அணைத்துவிட்டு, பிரிஃபரன்ஸ், இன்டர்ஃபேஸ் பகுதியில் லைவ் ஸ்கிரீன் டிராயிங்கை இமீடியட்டிலிருந்து டிலேயிடுக்கு மாற்றுங்கள். ஒரு மை மேல் இன்னொரு மை ஏறுவதைக் காட்டும் ஓவர்பிரிண்ட் பிரிவியூ இயக்கத்தில் இருந்தால் அணையுங்கள், அது சோதிக்கும்போது மட்டும் போதும்.

சிஎஸ்6 கோப்பைப் புதியதில் திறந்ததும் தலைப்பில் கன்வர்ட்டட் என்று வரும். உடனே வேலையைத் தொடங்காதீர்கள். கண்ட்ரோல், ஆல்ட் இரண்டோடு சாய்வுக்கோடு விசையை அழுத்தினால் எல்லாப் பத்திகளையும் ஒரே மூச்சில் மறுபடி அடுக்கும். முடியும்வரை காத்திருந்து, புதுப் பெயரில் சேவ் ஆஸ் கொடுங்கள். சாதாரண சேவ் பழைய குப்பையையும் வைத்துக்கொண்டே சேர்க்கும். சேவ் ஆஸ் கோப்பைப் புதிதாக எழுதும், அளவும் குறையும். அப்படியும் கோப்பு சண்டித்தனம் செய்தால், இன்டிசைனின் பரிமாற்றக் கோப்பு வகையான ஐடிஎம்எல் ஆக எக்ஸ்போர்ட் செய்து, அதைத் திறந்து மறுபடி சேமியுங்கள். பழைய மலரிலிருந்து நகல் எடுத்து நகல் எடுத்து வளர்ந்த கோப்புகளுக்கு இது நல்ல மருந்து. பழைய சிஎஸ்6 கோப்பைத் தனியாகப் பத்திரமாக வையுங்கள். புதியதில் சேமித்ததை சிஎஸ்6 திறக்காது. வரி முறிவு எங்காவது மாறியிருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கவும் அதுவே சாட்சி.

வெறும் கோப்பே இழுத்தால் மட்டும் கடைசியாகக் கம்ப்யூட்டருக்குப் போங்கள். பிரிஃபரன்ஸில் ஜிபியு பெர்ஃபார்மன்ஸை அணைத்துவிட்டு மூடித் திறந்து பாருங்கள். வேகம் வந்தால் கிராஃபிக்ஸ் டிரைவர் பழையதாக இருக்கலாம். கார்டு தயாரித்தவர்களின் தளத்திலிருந்து புதியதை இறக்கி நிறுவுங்கள். லேப்டாப்பாக இருந்து இரண்டு கிராஃபிக்ஸ் இருந்தால், விண்டோஸ் செட்டிங்ஸில் டிஸ்பிளே, கிராஃபிக்ஸ் போய் இன்டிசைனுக்கு ஹை பெர்ஃபார்மன்ஸ் ஒதுக்குங்கள். அதுவும் உதவாவிட்டால் இன்டிசைன் திறக்கும் அந்தக் கணத்தில் கண்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றையும் சேர்த்துப் பிடித்தால் பிரிஃபரன்ஸை அழிக்கட்டுமா என்று கேட்கும். சம்மதிப்பதற்கு முன் நீங்கள் மாற்றி வைத்திருந்த அளவுகளை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அத்தனையும் பழைய நிலைக்குப் போய்விடும்.

தம்பி, உங்கள் மலருக்கு என் கணிப்பு இது. இன்றைக்கு டிபிக்கல் டிஸ்பிளே, பிரிஃப்ளைட் அணைப்பு, ஸ்பெல்லிங் அணைப்பு, இந்த மூன்றை மட்டும் செய்யுங்கள். ஐந்து நிமிட வேலை, பாதி பாரம் இறங்கும். நாளைக்கு ஒரு காலையை ஒதுக்கி நன்கொடையாளர் படங்களைச் சிறிதாக்குங்கள். பார்டரைத் திறந்து பார்ப்பது அதற்கு அடுத்தது. அச்சுக்குப் பிடிஎஃப் எடுக்கும் அன்று பிரிஃப்ளைட்டை மறுபடி இயக்கி, ஓவர்பிரிண்ட் பிரிவியூவில் ஒரு சுற்று பாருங்கள். பார்டர் லேயரின் கண்ணைத் திறந்துவிட்டீர்களா என்பதை இரண்டு தடவை பாருங்கள். மூடிய லேயர் பிளேட்டில் ஏறாது.